ஆய்வகமும் வார்டும் ஒரே வளாகத்தில்: ஃபிலடெல்ஃபியாவின் ஆப்ரம்சன் புற்றுநோய் மையம்

1950களின் பிற்பகுதி. ஃபிலடெல்ஃபியா நகரில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் ஒன்றில் பீட்டர் நோவல் என்ற இளம் மருத்துவர் ரத்தப் புற்றுநோய் செல்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடித் தகட்டில் செல்களைப் பரப்பி, சாயம் ஏற்றி, மிச்சச் சாயத்தைக் கழுவ வேண்டும். அவர் குழாய்த் தண்ணீரில் கழுவினார். உப்புக் கரைசலில் இருந்து பழகிய செல்கள் வெறும் தண்ணீர் பட்டதும் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிப்போயின. உள்ளே நெருக்கியடித்துக் கிடந்த, மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் விலகிப் பிரிந்து, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும்படி தெரிந்தன.

நோவலுக்குக் குரோமோசோம்கள் பற்றி அவ்வளவாகத் தெரியாது. தெரிந்த ஆளைத் தேடினார். அதே ஊரில், ஃபாக்ஸ் சேஸ் பகுதியில் இருந்த புற்றுநோய் ஆய்வு நிலையத்தில் டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் கிடைத்தார். இருவரும் சேர்ந்து பார்த்ததில், நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் செல்களில் ஒரு குரோமோசோம் மட்டும் இருக்க வேண்டிய அளவைவிடக் குட்டையாக இருந்தது. 1960இல் அதைச் சில பத்திகளே கொண்ட சிறு குறிப்பாக வெளியிட்டார்கள். ஊரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது: ஃபிலடெல்ஃபியா குரோமோசோம். ஒரு குறிப்பிட்ட புற்றுநோயோடு ஒரு குறிப்பிட்ட குரோமோசோம் குறைபாடு விடாமல் சேர்ந்தே வருகிறது என்று உலகம் முதன்முதலில் கண்டது அப்போதுதான். புற்றுநோய்க்கு மரபணுவில் காரணம் இருக்கிறதா இல்லையா என்று வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கண்டுபிடிப்பால் 1960இல் எந்த நோயாளிக்கும் ஒரு மாத்திரைகூடக் கிடைக்கவில்லை. கிடைக்க 41 ஆண்டுகள் ஆயின. ஆப்ரம்சன் போலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த புற்றுநோய் மையம் என்றால் என்ன, அது எதற்கு வேண்டும் என்பதை விளங்கிக்கொள்ள இந்த 41 ஆண்டுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் 'மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி' என்றால் எல்லோருக்கும் தெரியும். பேராசிரியர்தான் பெரிய டாக்டர். அவர் பின்னால் மாணவர்கள் வரிசையாக வார்டைச் சுற்றிவருவார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் இந்த முறைக்கு அமெரிக்காவில் முன்னோடி. அதன் மருத்துவக் கல்லூரி 1765இல் தொடங்கியது, அந்த நாட்டிலேயே முதலாவது. பாடம் சொல்லிக்கொடுப்பதற்கென்றே பல்கலைக்கழகம் கட்டிய மருத்துவமனை 1874இல் வந்தது. சிகிச்சை, கற்பித்தல் என்ற இரண்டோடு ஆராய்ச்சியை மூன்றாவது காலாக ஊன்றியது பின்னால் வந்த சட்டம்.

1971 டிசம்பர் 23 அன்று அதிபர் நிக்சன் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் பெருமளவில் வரத் தொடங்கியது. நாடு முழுவதும் தகுதியான மையங்களைத் தேர்ந்து, தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அங்கீகாரம் கொடுக்கும் ஏற்பாடும் வலுப்பட்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மையத்துக்கு 1973இல் அந்த அங்கீகாரம் கிடைத்தது. இன்று அப்படி 70க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன; பெரும்பாலானவை ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் அங்கம். அங்கீகாரம் ஒருமுறை வாங்கிச் சுவரில் மாட்டிவிடும் சான்றிதழ் கிடையாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியிலிருந்து நிபுணர்கள் வந்து என்ன ஆராய்ந்தீர்கள், எத்தனை நோயாளிகளைப் பரிசோதனைச் சிகிச்சைகளில் சேர்த்தீர்கள் என்று கேட்பார்கள். ஆப்ரம்சன் என்ற பெயர் 1997இல் வந்தது. மருத்துவக் காப்பீட்டுத் தொழிலில் பொருள் ஈட்டிய லெனார்ட் ஆப்ரம்சனும் அவர் மனைவி மேட்லினும் 10 கோடி டாலர் நன்கொடைக்கு உறுதியளித்தார்கள்.

இப்படிப்பட்ட மையத்தில் ஒரு நோயாளிக்கு என்ன நடக்கும்? வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. பயாப்ஸி, ஸ்கேன், ஆபரேஷன், கீமோ, நம் பக்கத்தில் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்லும் கதிர்வீச்சு, எல்லாம் அதேதான். வித்தியாசம் உள்ளே, டியூமர் போர்டு என்ற வாராந்தரக் கூட்டத்தில் இருக்கிறது. ஒரே நோயாளியின் ஸ்கேன் படத்தைச் சுவரில் போட்டு அறுவை நிபுணர், கீமோ மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், பயாப்ஸியைப் பார்த்த நோயியல் மருத்துவர் எல்லோரும் சேர்ந்து பேசுவார்கள். இது பல நல்ல மருத்துவமனைகளில் உண்டு. இங்கே கூடுதலாக ஒரு கேள்வி வரும்: 'இவருக்குப் பொருந்துகிற ட்ரயல் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா?' அந்தக் கேள்வியைக் கேட்கிறவரே பல நேரம் பக்கத்துக் கட்டடத்தில் ஓர் ஆய்வகத்தையும் நடத்துகிறவராக இருப்பார். காலையில் வார்டில் புரியாத ஒன்றைப் பார்த்தவர் மத்தியானம் அதை ஆய்வகத்துக்கு எடுத்துப்போகலாம். அந்த மையத்தின் பலம் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். கட்டடமும் இயந்திரமும் பணம் இருந்தால் யாரும் வாங்கலாம்.

சரி, குட்டைக் குரோமோசோமின் கதைக்கு வருவோம். அது ஏன் குட்டையாக இருக்கிறது என்று சொன்னவர் ஜேனட் ரௌலி. 1973இல், சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு. 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் ஒன்றின் துண்டை மற்றொன்றோடு மாற்றிக்கொள்கின்றன என்று அவர் காட்டினார். அப்படி ஒட்டிய இடத்தில் பிசிஆர்-ஏபிஎல் என்ற கலப்பு மரபணு உருவாகிறது என்பது 1980களில் தெரியவந்தது. அந்த மரபணு தயாரிக்கும் நொதி, அணைக்க முடியாத சுவிட்ச் போல, செல்லைப் பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சுவிட்சை அடைக்கும் மருந்தை ஒரு சுவிஸ் மருந்துக் கம்பெனியின் வேதியியலாளர்கள் உருவாக்கினார்கள். ஆரிகன் மாநிலத்தின் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பிரையன் ட்ரக்கர் அதை நோயாளிகளிடம் கொண்டுசென்றார். 2001 மே மாதம் இமாட்டினிப் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அதுவரை சில ஆண்டுகளில் உயிரைக் குடித்துக்கொண்டிருந்த நோய்க்குத் தினம் ஒரு மாத்திரை. முக்கியமான ஆய்வில் ஐந்தாண்டு கழித்து 89 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள்.

இந்த இடத்தில் கதை சென்னைக்கு வருகிறது. அந்த மாத்திரையின் ஒரு படிக வடிவத்துக்கு, அதைத் தயாரிக்கும் சுவிஸ் கம்பெனியான நோவார்ட்டிஸ் 1998இல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006இல் அலுவலகம் மறுத்தது. தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்கு, பலன் கூடினால் ஒழியக் காப்புரிமை கிடையாது என்கிற இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவையே எதிர்த்துக் கம்பெனி சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007இல் அந்த வழக்கு தள்ளுபடியானது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் கடைசியாக மறுத்தது. அப்போது கம்பெனி மருந்துக்கு மாதம் ஏறக்குறைய 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்துக்கு 10,000 ரூபாய்க்குள். கம்பெனி பலருக்கு இலவசமாகவும் மருந்து கொடுத்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் இலவசம் என்பது கொடுக்கிறவர் மனம் வைக்கும்வரை. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இன்று ஒருவர் மாதா மாதம் இந்த மாத்திரையை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறார் என்றால், அந்தக் குழாய்த் தண்ணீருக்கும் சென்னை அலுவலகத்தின் அந்த மறுப்புக்கும் அதில் பங்கு இருக்கிறது.

அதே பல்கலைக்கழகத்தின் இரண்டாவது பெரிய கதை ரத்த அணுக்களையே மருந்தாக்கியது. அது ஒரு மரணத்தின் நிழலில் தொடங்கியது.

1999 செப்டம்பரில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் அங்கே ஒரு மரபணுச் சிகிச்சைப் பரிசோதனையில் சேர்ந்தார். அவருக்குப் புற்றுநோய் இல்லை, கல்லீரலில் ஒரு மரபணுக் குறைபாடு. ஊசி போட்ட நான்காம் நாள் இறந்துபோனார். அரசின் விசாரணை வந்தது. நோயாளியிடம் சொல்ல வேண்டிய ஆபத்துகளை முழுமையாகச் சொல்லவில்லை என்பது உட்படப் பல குறைகள் வெளிவந்தன. அதை நடத்திய மரபணுச் சிகிச்சை நிலையத்தின் பரிசோதனைகள் நிறுத்தப்பட்டன. நாடு முழுவதும் மரபணுச் சிகிச்சை என்ற சொல்லே பயமூட்டுவதாயிற்று. இந்த மையங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வெற்றிகளை மட்டும் வரிசையாக அடுக்கிவிட்டு இந்த இளைஞரைத் தாண்டிப் போய்விடக் கூடாது. பின்னால் வந்த ஒவ்வொரு ஒப்புதல் படிவத்திலும், ஒவ்வொரு பாதுகாப்புக் குழுக் கூட்டத்திலும் அவர் இருக்கிறார்.

அதே 1999இல் பென்சில்வேனியாவுக்கு வந்து சேர்ந்தார் கார்ல் ஜூன். அமெரிக்கக் கடற்படையில் மருத்துவராக இருந்து, எச்ஐவி கிருமி தாக்கும் டி செல்களை உடலுக்கு வெளியே வளர்க்கும் கலையைச் சகா புரூஸ் லெவைனோடு சேர்ந்து பல ஆண்டுகள் கற்றவர். 2001இல் அவருடைய மனைவி கருப்பைப் பக்கத்துச் சினையகத்தில் வந்த புற்றுநோயால் இறந்தார். அதன்பின் புற்றுநோய்க்கு எதிராக டி செல்களைத் திருப்பும் வேலையில் முழுமூச்சாக இறங்கினார்.

கார்-டி (CAR-T) செல் சிகிச்சை என்று இன்று பெயர்பெற்ற அந்த யோசனை இதுதான். டி செல் என்பது நம் ரத்தத்தில் காவலுக்கு நிற்கும் வெள்ளை அணு. கிருமி வந்தால் அடையாளம் கண்டு கொல்லும். ஆனால் புற்றுநோய் செல் நம் வீட்டுப் பிள்ளை, அந்நியனாகத் தெரியாது. அதனால் டி செல்லுக்குப் புதிதாக ஒரு 'மூக்கை' பொருத்திவிட வேண்டும், குறிப்பிட்ட ஒரு வாடையை மோப்பம் பிடிக்கும் மூக்கு. சில ரத்தப் புற்றுநோய்கள் பி செல்களில் தொடங்குகின்றன; எல்லா பி செல்களின் மேற்பரப்பிலும் சிடி19 என்ற புரதம் இருக்கும். அதுதான் இலக்கு. நல்ல பி செல்களும் சேர்ந்தே சாகும். ஆனால் அவை இல்லாமல், வெளியிலிருந்து எதிர்ப்புப் புரதங்களை ஏற்றிக்கொண்டு மனிதன் வாழ முடியும். புதிய மூக்குக்கான மரபணுவை டி செல்லுக்குள் கொண்டுபோய் வைக்க ஒரு வாகனம் வேண்டும். விஷப் பல்லைப் பிடுங்கிய எச்ஐவி கிருமியையே வாகனமாக்கினார்கள். இந்த யோசனை ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இஸ்ரேலில் ஸெலிக் எஷ்ஹர் 1980களின் கடைசியில் அடிப்படையைப் போட்டார். மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனை, நியூயார்க்கின் ஒரு புற்றுநோய் மையம், அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் இதில் உழைத்தன.

நோயாளிக்கு இது எப்படி நடக்கும் என்று பார்ப்போம். பிளேட்லெட் தானம் கொடுத்தவர்களுக்கு முதல் பாதி பழக்கப்பட்டது. சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, ரத்தம் ஒரு குழாய் வழியாக இயந்திரத்துக்குப் போகும். இயந்திரம் சுழற்றி வெள்ளை அணுக்களை மட்டும் ஒதுக்கிக்கொண்டு மீதியை உடலுக்கே திருப்பி அனுப்பும். சில மணி நேரம் பிடிக்கும். அந்தப் பை ஆய்வகத்துக்குப் போகிறது. அங்கே காந்த மணிகளால் டி செல்களைத் தூண்டி, கிருமி வாகனத்தை ஏற்றி, கோடிக்கணக்கில் பெருக்கி, உறையவைக்கிறார்கள். வாரக்கணக்கில் நடக்கும் வேலை. திரும்பி வரும் பையைப் படுக்கைப் பக்கத்திலேயே உருக்கி, ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். ஏற்றுவது சில நிமிடம்தான். உறையவைக்கச் சேர்த்த வேதிப்பொருள் நோயாளியின் மூச்சில் வெளியேறும். அறை முழுவதும் பூண்டு வாடை வீசும். அவ்வளவு பெரிய சிகிச்சைக்கு வெளியே தெரிகிற அடையாளம் அந்த வாடை ஒன்றுதான்.

2010 கோடையில் முதல் நோயாளி பில் லுட்விக், ஓய்வுபெற்ற சிறைத்துறை ஊழியர். நாள்பட்ட லிம்ஃபாய்டு ரத்தப் புற்றுநோய். கீமோக்கள் எல்லாம் கைவிட்டிருந்தன. செல்களை மூன்று நாளில் பிரித்து ஏற்றினார்கள்: 10 விழுக்காடு, 30, பிறகு 60. சில நாட்களுக்குப் பின் கடுங்காய்ச்சல், நடுக்கம், ரத்த அழுத்தச் சரிவு. பிழைப்பாரா என்றே தெரியாத நிலை. அது தணிந்ததும் எலும்பு மஜ்ஜையைச் சோதித்தார்கள். புற்றுநோய் செல் ஒன்றுகூட இல்லை. நம்பாமல் மறுபடியும் சோதித்தார்கள், அப்போதும் இல்லை. அடுத்துச் சிகிச்சை பெற்றவர்களில் டக் ஓல்சன் என்பவருக்கும் அதே பலன். ஏற்றியது கொஞ்சம்தான். அது ஒழித்துக்கட்டிய புற்றுநோய்த் திசு ஒவ்வொருவரிடமும் ஒரு கிலோவுக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். மூன்று பேருக்குச் செய்வதற்குள் கையிலிருந்த நன்கொடைப் பணம் தீர்ந்துவிட்டது. மூன்றே பேரை வைத்து 2011 ஆகஸ்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். அப்புறம்தான் உலகம் திரும்பிப் பார்த்தது.

எமிலி வைட்ஹெட் என்ற சிறுமியின் பெயர் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய், இரண்டு முறை திரும்பி வந்தது. 2012 ஏப்ரலில், பல்கலைக்கழக மருத்துவமனையை ஒட்டியே இருக்கும் குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் ஸ்டீபன் க்ரப் பார்வையில் இந்தச் செல்களை ஏற்றினார்கள். உலகிலேயே இந்தச் சிகிச்சை பெற்ற முதல் குழந்தை அவள். சில நாட்களில் காய்ச்சல் 105 டிகிரியைத் தொட்டது; வென்டிலேட்டரில் வைத்தார்கள். ஸ்டீராய்டு கேட்கவில்லை. பெற்றோரிடம் நம்பிக்கை இல்லை என்ற அளவுக்குச் சொல்லிவிட்டார்கள்.

ரத்தத்தை அவசரமாகச் சோதித்ததில் காய்ச்சலைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதம் இருக்க வேண்டிய அளவைவிடப் பல நூறு மடங்கு இருந்தது. கார்ல் ஜூனின் மகளுக்குச் சிறுவயது மூட்டுவாதம் உண்டு. அந்த நோய்க்கு டோசிலிசுமாப் என்ற மருந்து முந்தின ஆண்டுதான் அனுமதி பெற்றிருந்தது. அது இதே புரதத்தை அடைக்கும் மருந்து. மகளுக்காகத் தெரிந்துவைத்திருந்தது அன்று அவருக்கு ஞாபகம் வந்தது. மருந்தை ஏற்றிய சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது. மே 2, தன் ஏழாவது பிறந்தநாள் அன்று எமிலி கண்விழித்தாள். புற்றுநோய் திரும்பவில்லை. பின்னாளில் அதே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தாள்.

அந்தக் குழந்தை இறந்திருந்தால் கெல்சிங்கர் மரணத்தோடு சேர்த்து இதையும் மூடியிருப்பார்கள் என்று அந்தக் குழுவே பின்னால் சொன்னது. ஒரே வளாகத்தில் படுக்கையும் சோதனைக்கூடமும் இருந்து, முடிவு அன்றைக்கே வந்து, வேறொரு நோய்க்கான மருந்து தெரிந்த ஒருவர் அந்த உரையாடலில் இருந்ததால் அவள் பிழைத்தாள். இன்று இந்தச் சிகிச்சை தரும் எல்லா மருத்துவமனைகளிலும் அந்த மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் செல்களை ஏற்றுகிறார்கள்.

2012இல் நோவார்ட்டிஸ் கம்பெனியோடு பல்கலைக்கழகம் ஒப்பந்தம் போட்டது. 2017 ஆகஸ்ட் 30 அன்று கிம்ரியா என்ற பெயரில் இந்தச் சிகிச்சையை அமெரிக்க அரசு அனுமதித்தது. 75 குழந்தைகளும் இளைஞர்களும் சேர்ந்த ஆய்வில் 81 விழுக்காட்டினருக்கு மூன்று மாதத்துக்குள் நோய் அடங்கியது; ஓராண்டு முடிவில் 76 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். வேறு வழியே இல்லாமல் வந்தவர்கள் இவர்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதே நேரம் இது எல்லோருக்கும் கேட்கும் மருந்து அல்ல. லுட்விக்குக்கு வந்த அதே நோயில் முழுப் பலன் சிறுபான்மையோருக்குத்தான் கிடைத்தது. மார்பகம், நுரையீரல், குடல் போன்ற கட்டிகளில் இன்னும் தடுமாறுகிறது. சிகிச்சை பெற்ற சிலருக்கு டி செல்லிலேயே புதிதாகப் புற்றுநோய் வரலாம் என்ற எச்சரிக்கையை 2024 ஜனவரியில் அமெரிக்க அரசு மருந்தின் உறையில் சேர்க்கச் சொன்னது.

2017இல் விலை 4,75,000 டாலர். அன்றைய கணக்கில் சுமார் 3 கோடி ரூபாய். மருத்துவமனைச் செலவு தனி. எனக்கு இதில் மனம் ஆறவில்லை. தொடக்க ஆண்டுகளில் வரிப்பணமும் அறக்கட்டளைப் பணமும் சுமந்த வேலை; கடைசி ஓட்டத்தில் கம்பெனி சேர்ந்து பெரும் முதலீடு செய்தது உண்மைதான். ஆனாலும் முதலில் கொடுத்த மக்கள் கடைசியில் மறுபடியும் முழு விலை கொடுக்கிறார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகத் தயாரிக்க வேண்டிய மருந்து என்பதால் விலை இறங்கவே இறங்காது என்று சொன்னவர்களும் உண்டு.

அதற்குப் பதில் மும்பையிலிருந்து வந்தது, அதுவும் இதே மாதிரி ஒரு சேர்க்கையிலிருந்து. மும்பை ஐஐடியில் ராகுல் புர்வார் என்ற பேராசிரியரின் ஆய்வகம் செல்லை வடிவமைத்தது. டாடா நினைவு மையத்தின் மருத்துவர்கள் நோயாளிகளிடம் சோதித்தார்கள். டாடா மையமும் ஹோமி பாபா தேசியக் கல்வி நிறுவனம் என்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் அங்கம்தான். கிருமி வாகனம் உட்படப் பலவற்றை இங்கேயே தயாரித்தார்கள். நெக்ஸ்கார்19 என்ற அந்தச் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டு விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அப்படியும் அது பல லட்சம் ரூபாய். விற்க நிலம் இருக்கிற குடும்பத்துக்கும் எட்டுமா என்று சொல்ல முடியாது. அரசுக் காப்பீட்டுக்குள் முழுதாக வரும் நாளுக்காக நிறையப் பேர் காத்திருக்கிறார்கள். நேரம் இல்லாத நோயாளிகள் அவர்கள்.

ஃபிலடெல்ஃபியாவில் லுட்விக் 2021இல் கொரோனாவால் இறந்தார். அதுவரை பத்தாண்டுகளில் அந்தப் புற்றுநோய் அவரிடம் தலைகாட்டவில்லை. அவரும் ஓல்சனும் அந்த ஆண்டுகள் முழுவதும் மையத்துக்கு வந்து ரத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், ஆய்வுக்காக. அந்தக் குழாய்களை ஒன்றுவிடாமல் சேர்த்துவைத்துப் பார்த்த முடிவு 2022இல் வெளியானது. 2010இல் ஏற்றிய செல்களின் வழித்தோன்றல்கள் இன்னும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஆனால் ஆள் மாறியிருந்தது. தொடக்கத்தில் கொல்வதற்கென்றே பெயர்பெற்ற சிடி8 வகைச் செல்களும் களத்தில் இருந்தன. ஆண்டுகள் போகப் போக, மிஞ்சி நின்றவை பெரும்பாலும் சிடி4 வகை. பாடநூல்களில் அதற்கு 'உதவிச் செல்' என்று பெயர். அந்த உதவிச் செல்கள் கொல்லும் குணத்தோடு பத்தாண்டு காவலுக்கு நின்றிருக்கின்றன. ஏன், எப்படி என்பதை அந்த வளாகத்தில் இப்போது ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.